‘இல்லை’ என்று எழுதிய வசனம்

தோல்மே தீவு
1998 மார்ச் 4, புதன்

மான்சிக் அம்மாவுக்கு,

நீ படகு ஏறி ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது. சொல்லாமல் ஏறினாய். துறையில் மீன் விற்கிறவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் ஒரே மதிலின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக உனக்கு மனம் வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. 1974-ல் என் கல்லுரலை வாங்கிப் போய் விளிம்பு உடைத்துத் திருப்பித் தந்தாயே, அதையும் மறக்கவில்லை. ஆனால் இது சண்டைக்கு எழுதுகிற கடிதம் இல்லை. உன் மகள் வீட்டு விலாசத்தைத் தபால்காரரிடம் கெஞ்சி வாங்கி எழுதுகிறேன் என்றால் காரியம் பெரிது என்று புரிந்துகொள்.

வருகிற ஏப்ரல் 26 ஞாயிறு நம் சபைக்கு அறுபது வயது. நான் கையால் எழுதிய வேதத்தை, சபை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களே, அதை மொக்போவுக்குக் கொண்டுபோய்த் தோல் அட்டை போட்டு, அன்றைக்குப் பிரசங்க மேடையில் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் பிழை பார்க்க வேண்டுமென்று மேங் மூப்பரும் புதிதாக வந்திருக்கிற தோ போதகரும் அச்சு வேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார்கள்.

போன வியாழன் என்னைக் கூப்பிட்டார்கள். மூப்பர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "ஓக்பூன் அம்மா, இது என்ன?" என்றார். தீர்க்கதரிசிகளின் பகுதி. பறிகொடுத்த பிள்ளைகள் சொந்த எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்று ஒரு தாய்க்குச் சொல்கிற வசனம் அங்கே இருக்க வேண்டும். எண் இருக்கிறது. வசனம் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

மூப்பர் எனக்குப் பாடம் நடத்தினார். பழைய சுவடிகளில் கிடைக்காத வசனங்களுக்குத்தான் அச்சில் எண் மட்டும் போட்டு ‘இல்லை’ என்று அடைப்புக்குள் போடுவார்களாம், அதுவும் புதிய ஏற்பாட்டில் பத்துப் பதினைந்து இடத்தில்தானாம், இங்கே எப்படி வந்தது என்றார். அந்தப் பகுதியை எழுதியது நீ என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது அவர் சொல்வது இது: ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த வசனத்தை நான் என் கையால் எழுதித் தர வேண்டும், அவர் அதன்மேல் ஒட்டிவிடுவார். போதகர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி எழுதினாய்? நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? எழுது.

மா ஓக்பூன்


ஆன்சான்
மார்ச் 13

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. கல்லுரல் என்னிடம் வரும்போதே உடைந்திருந்தது. உங்கள் மாமியார் உடைத்தது. அவர் உயிரோடு இருந்தவரை நீங்கள் அதைச் சொல்லப் பயந்தீர்கள்.

ஒட்டச் சொல்லுங்கள். அது உங்கள் வேதம். பெட்டியின் மேல் உங்கள் பெயர்தான் இருக்கிறது. என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?

கேட்டதால் சொல்கிறேன். 1996 ஜனவரியில் நீங்கள் கடற்பாசிப் படகிலிருந்து இறங்கும்போது பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டீர்கள். மூன்று வருடம் எழுதி, தீர்க்கதரிசிகளின் பகுதிக்கு வந்திருந்தீர்கள். "பில்யே, நீ எழுது, நான் படிக்கிறேன்" என்றீர்கள். வந்தேன். நாற்பத்தேழு நாள் வந்தேன். சொந்தக் கையால் முழுதும் எழுதியவர் பெயரைத்தான் சபை ஏற்கும் என்று எனக்கும் தெரியும். உதவி என்று நினைத்து வந்தேனே தவிர உங்கள் பெயருக்காக வரவில்லை.

முதல் நாளே நான் எழுதிய முதல் வரியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கும். உங்களுக்கு எதுதான் ஞாபகம் இல்லை. "இவ்ளோ அழகா எழுதாத. என்னோடது மாதிரி கோணலா எழுது." பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கினவள் நான். உங்கள் கோணல் எழுத்தை ஒரு குழந்தை போலப் பழகி, நாற்பத்தேழு நாள் எழுதினேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நன்றி சொல்லும் ஞாயிறன்று நீங்கள் மேடை ஏறி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என் கை என்று சாட்சி சொன்னீர்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எல்லோரும் அழுதார்கள். புதன்கிழமை படகு ஏறினேன்.

இங்கே மகள் போகிற சபை பெரியது. எட்டாயிரம் பேர். சிறு குழுவில் வாராவாரம் நன்றி சொல்ல ஆளுக்கொரு காரியம் சொல்ல வேண்டும். நானும் சொல்கிறேன். இந்த வாரம் லிஃப்ட் பழுதாகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். கை தட்டினார்கள்.

அந்த ‘இல்லை’யைப் போய் நன்றாகப் பாருங்கள். மொத்தப் புத்தகத்திலும் அந்த ஒரு சொல்லை மட்டும் என் எழுத்தில் எழுதினேன்.

பில்யே


தோல்மே தீவு
மார்ச் 20

மான்சிக் அம்மா,

போய்ப் பார்த்தேன். பெட்டிச் சாவியைக் கேட்டபோது போதகர் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். இத்தனை நாள் என் கண்ணில் படாதது எப்படி என்று தெரியவில்லை. சுற்றிலும் என் கோணல். நடுவில் அந்தச் சொல் மட்டும் ஆணி அடித்தது போல நேராக நிற்கிறது. நான் பெட்டியை மூடும்போது போதகர் கேட்டார், "அம்மா, இத எழுதினவங்க இப்ப எங்க இருக்காங்க?" அவருக்கு முப்பத்து மூன்று வயது. தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு வாயை மூடியிருந்திருக்கிறார். "ஆன்சான்ல, மக வீட்ல" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

கோணலாக எழுதச் சொன்னேன். ஆமாம். அந்த நாலு வருடமும் மேங் மூப்பர் வீட்டம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னதை நீயும் கேட்டாய். "ஓக்பூன் அம்மா எழுதி முடிக்கறதுக்குள்ள ஆண்டவர் ரெண்டாம் தடவ வந்துடுவார்." ஐம்பத்து நாலு வயதில் சபையில் எழுத்துப் படித்தவள் நான். அதற்கு முன் வேதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பாட்டு எண்ணைப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத் திருப்புவேன். பக்கத்தில் இருந்தது நீ. நீ யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முக்கால்வாசி எழுதிவிட்டு, கை உடைந்தது என்று நிறுத்திவிட எனக்கு மனம் இல்லை.

சாட்சி சொன்ன நாளில் நான் பொய் சொல்லத்தான் ஏறினேன் என்று நினைக்காதே. பழைய போதகர் என்னை அறிமுகப்படுத்தும்போதே "முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரை" என்று சொல்லிவிட்டார். நான் அதையே திருப்பிச் சொன்னேன். மேடையிலிருந்து உன்னைப் பார்த்தேன். நீ கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் ஒருத்தி ஸ்தோத்திரம் என்று கத்தினாள், நான் அதோடு போய்விட்டேன்.

துண்டுக் காகிதம் மேசை மேல் மூன்று நாளாகக் கிடக்கிறது. பேனா எடுத்தால் கை போகவில்லை. எழுதி ஒட்டினால் உன் எழுத்து அடியில் போய்விடும். ஒட்டவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், சபையில் மூத்த பெண்களுக்குத் தருகிற க்வொன்சா பட்டம் எனக்குப் போகும், போகட்டும். ஆனால் மான்சிக் அம்மாவுக்கு விசுவாசம் போய்விட்டது என்று இந்தத் தீவு முழுக்கப் பேசும். துறையிலும் பாசி காயவைக்கிற தட்டிகளுக்கு நடுவிலும் உன் பெயர் உருளும். எனக்கு அது வேண்டாம்.

நீ ஏன் அதை எழுதினாய் என்று இன்னும் சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தபால் படகு வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

ஓக்பூன்


ஆன்சான்
மார்ச் 29

அக்கா,

வேதத்தைத் தலைகீழாகப் பிடித்தீர்கள் என்று எனக்கு 1962-லேயே தெரியும். பாட்டு எண்ணை உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் நான் மெதுவாகத் திருப்பினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரியவில்லை என்றால் சொல்கிறேன், ஒரே தடவை.

1993 நவம்பர் 9 என் பிள்ளை மான்சிக் போன படகில் ஒன்பது பேர். மூன்று பேர் கிடைத்தார்கள். மான்சிக் உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒரு செருப்புகூடக் கரைக்கு வரவில்லை. சபையில் எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றார்கள். ஒரு வாரத்தில் என்னை மான்சிக் அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். என் மனம் நோகக் கூடாதாம். குடும்பப் பெயரைச் சொல்லிப் பியோ சகோதரி என்றார்கள். நீங்கள் ஒருத்திதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய் மான்சிக் அம்மா, அடுப்பு எரியுதா?" என்று கத்திக்கொண்டே இருந்தீர்கள். இன்றைக்குக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறீர்கள். அதற்காகத்தான் உங்கள் கடிதங்களைக் கிழிக்கவில்லை.

அடுத்த புத்தாண்டு ஆராதனையில் வழக்கம் போல வாக்குத்தத்தக் கூடை வந்தது. அந்த வருடத்துக்கு ஆளுக்கொரு வசனம் எடுக்க நூற்று முப்பது அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். எனக்கு எந்த வசனமும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் விட்டேன். எடுத்துப் பார்த்தால் அந்த வசனம். பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

அக்கா, மனுஷர் யாராவது அதைச் சொல்லியிருந்தால் தேறுதல் என்று விட்டிருப்பேன். நூற்று முப்பதில் அந்த ஒன்றைக் கடவுளே என் கையில் வைத்தார். நான் நம்பினேன். அந்த வருடம் முழுக்க எல்லாப் படகுக்கும் துறையில் நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள். அவன் அறையில் தினம் ஓண்டோல் மூட்டித் தரையைச் சூடாக வைத்தேன். டிசம்பர் முப்பத்தொன்று கடைசிப் படகும் வந்து போனது.

பிறகு ஒரு வருடம் கழித்து நீங்கள் அதே வசனத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து தடவித் தடவிப் படித்தீர்கள். நான் எழுத வேண்டும். எழுதியிருப்பேன், உங்கள் கோணலில் எழுதுவது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை, அது உங்கள் வேதம். ஆனால் அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. எனக்கு அது இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது பாருங்கள் என்று உங்களை எழுப்பி அனுப்பிவிட்டு, உள்ளதை எழுதினேன்.

சபையில் நான் சொன்ன ஒரே உண்மை அந்தச் சொல். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் உங்கள் இஷ்டம்.

நீங்கள் சொல்ல வேண்டியது என்ன?

பில்யே


தோல்மே தீவு
ஏப்ரல் 6

மான்சிக் அம்மா,

இதை நாலு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு அடுப்பில் தண்ணீர் இல்லை. தீயே இல்லை. நீ போகச் சொன்னதும் நான் ஓடினேன். சமையலறையில் வெறும் அடுப்பின் முன்னால் நின்றேன். திரும்பி வந்து அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அடுத்த வசனத்தைப் படித்தேன். அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். ஏனென்றால் அந்த வசனம் உன்னிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புத்தாண்டில் கூடை பிடித்தது நான். உனக்கு அது மறந்திருக்காது, ஆனால் நீ அதை நினைக்கவில்லை. கூடை பிடிப்பவளை யார் நினைப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் போதகர் வீட்டில் உட்கார்ந்து அட்டைகளை வெட்டி அடுக்கினோம். அப்போது அது என் கண்ணில் பட்டது. எடுத்து என் உடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் உன் வரிசைக்கு வந்தபோது கூடையை மூடியிருந்த துணிக்குக் கீழே என் கட்டைவிரலுக்கும் கூடை விளிம்புக்கும் நடுவில் அதைப் பிடித்திருந்தேன். நீ கண்ணை மூடினாய். உன் விரல் உள்ளே வந்தது. நான் அதைத் தள்ளினேன்.

கடவுள் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ ஐம்பத்து மூன்று நாள் சாப்பாடு என்று ஒன்றும் சாப்பிடவில்லை. நான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவாய். உன் கழுத்து எலும்பு எனக்குத் தெரிந்தது. நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். ஒரு வசனத்தால் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அன்று ஆராதனை முடிந்து சபையில் அரிசிக்கேக் சூப் ஊற்றினார்கள். நீ இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய். அட்டையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாய். நான் சரியாகத்தான் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு நீ துறையில் நிற்க ஆரம்பித்தாய். மழையில் நின்றாய். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை குடை எடுத்துக்கொண்டு வந்தேன். குடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கூடையோடு நான் நடக்கும்போது சபை முழுதும் எழுந்து நிற்கும். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை மன்னி என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை. நான் யாரையும் லேசில் மன்னிக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன்னிடம் எப்படிக் கேட்பேன்.

ஓக்பூன்


தோல்மே தீவு
ஏப்ரல் 14

மான்சிக் அம்மா,

உன் பதில் வரவில்லை. உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. முட்டை அவித்துச் சாயம் போட்டுப் பங்கிட்டோம். ஒவ்வொரு படகுக்கும் துறைக்குப் போய்த் தபால்காரரைப் பார்க்கிறேன். நீ நின்ற இடத்தில் நிற்கிறேன் என்று இன்று காலையில்தான் உறைத்தது.

மேங் மூப்பர் நேற்று வந்தார். துண்டு எங்கே என்றார். எழுதவில்லை என்றேன். "கை வலிக்குதுன்னா என் வீட்டுக்காரி எழுதட்டும், ஒரு வசனம்தானே" என்றார். வேண்டாம், 26-ஆம் தேதி நானே மேடையில் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சாட்சி என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனார்.

வேதத்தில் நான் எழுதாததைச் சொல்லப் போகிறேன். கூடையையும் சொல்லப் போகிறேன். உன் பெயரைச் சொல்லாமல் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. தீவில் யாரென்று தெரியாதவர்கள் இல்லை. நீ வேண்டாம் என்றால் கூடையை விட்டுவிடுகிறேன். சொல் என்றால் சொல்கிறேன். 25-ஆம் தேதிப் படகுக்குள் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஓக்பூன்


ஆன்சான்
ஏப்ரல் 20

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பதினாலு மாடியும் படியில் இறங்கி, பூங்காவில் போய் உட்கார்ந்தேன். முதலில் லேசாக இருந்தது. இப்படி லேசாக இருந்து நாலு வருடம் ஆகிறது. கடவுள் என்னிடம் அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்தார், அவ்வளவுதான். சும்மா இருந்தவரோடு எனக்கு இப்படியொரு சண்டை இல்லை.

சாயங்காலம் ஆனதும் உங்களை வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன். ஒரு வருடம் துறையில் நின்றது நான். அவன் போர்வையை உதறி உதறிப் போட்டது நான். பிள்ளைக்காக அழ வேண்டிய வருடத்தில் அழாமல் வழி பார்த்தேன். அழுதால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று அழவில்லை. அந்த வருடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் பசியால் போயிருந்தாலும் என் மகனுக்காக அழுதபடி போயிருப்பேன்.

சூப் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டேன். அது உண்மைதான். அதைப் படித்தபோதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது, ஏனென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சொல்லுங்கள். கூடையைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள். மான்சிக் பெயரைச் சொல்லுங்கள், அங்கே யாரும் அதைச் சொல்லி நாலரை வருடம் ஆகிறது. பில்யே ‘இல்லை’ என்று எழுதினாள் என்று சொல்லுங்கள். பேசட்டும்.

ஆனால் அதைச் சாட்சி ஆக்காதீர்கள். நம் சபையில் சாட்சி எப்படி முடியும் என்று தெரியும். முதலில் பாவம், பிறகு கண்ணீர், கடைசியில் ஆண்டவர் எல்லாவற்றையும் நன்மையாக மாற்றினார், எல்லோரும் கை தட்ட வேண்டும். அப்படி முடிக்காதீர்கள். நன்மையாக மாறவில்லை. பில்யே என்னை மன்னித்தாள் என்று சொல்லாதீர்கள். மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியவில்லை. உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

நான் வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களை மனதிலிருந்து தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். போட்டால் என்னை மான்சிக் அம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

போன வாரம் சிறு குழுவில் என் முறை வந்தது. எனக்கு ஒரு மகன் இருந்தான், கடலில் போய்விட்டான், இந்த வாரம் நன்றி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். யாரும் கை தட்டவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஒரு பெண், அதுவரை என்னோடு பேசாதவள், பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்தாள்.

பில்யே


தோல்மே தீவு
ஏப்ரல் 28, செவ்வாய்

மான்சிக் அம்மா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. ஞாயிறு வரை நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மொக்போவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று பழைய போதகர்கள், பாடகர் குழு, மலர் வளையம். வேதம் தோல் அட்டை இல்லாமல்தான் மேடையில் இருந்தது. தைப்பதற்கு அனுப்ப வேண்டாம் என்று தோ போதகர் நிறுத்தி வைத்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை. எனக்கு எழுதிப் படித்தால் எழுத்துதான் கண்ணில் இருக்கும், விஷயம் போய்விடும்.

"நான் எழுதினதுன்னு பேர் போட்டிருக்கீங்க. தீர்க்கதரிசிங்க பகுதி முழுசும் மான்சிக் அம்மா எழுதினது. என் கோணல் மாதிரியே எழுதச் சொன்னது நான்" என்றேன். மேங் மூப்பர் முதல் வரிசையில் இருந்து பழக்கத்தில் "ஆமென்" என்றார். "ஆமென் சொல்லாதீங்க மூப்பரே, கெட்டது இனிமேத்தான் வருது" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மான்சிக் என்று சொன்னேன். எத்தனை பேர் தலை நிமிர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். எல்லோருடையதும். அவன் படகு, அந்த ஒன்பது பேர், நீ சாப்பிடாதது, கூடை, என் கட்டைவிரல். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. நீ துறையில் நின்றது ஏன் என்று எல்லோருக்கும் இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது. ‘இல்லை’ என்று எழுதியதைச் சொன்னேன். "அந்தப் புத்தகத்துல மனசறிஞ்சு எழுதின சொல்லு அது ஒண்ணுதான். அதுமேல காகிதம் ஒட்ட விடமாட்டேன்" என்றேன்.

பிறகு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. நீ உள்ள இடத்தில் நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். மொக்போவில் இருந்து வந்த போதகர் எழுந்து, இதிலும் ஆண்டவருடைய கிருபையைப் பார்க்கிறோம் என்று ஆரம்பித்தார். தோ போதகர் அவர் பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்தார். பாட்டு இல்லாமல், ஜெபம் இல்லாமல், நான் படி இறங்கி என் பெஞ்சுக்கு வந்தேன். உன் இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

வேதத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கவில்லை. மேடையிலும் வைக்கவில்லை. போதகர் அதைச் சாப்பாட்டு அறையில் நீள மேசை மேல் வைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். என் பெயர் அட்டையைக் கழற்றிவிட்டேன். உன் எழுத்து அப்படியே இருக்கிறது. நேற்று நான் போனபோது இரண்டு பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து நின்றிருந்தார்கள். க்வொன்சா பட்டத்தைப் பற்றி அடுத்த மாதம் கூடிப் பேசுகிறார்கள். மேங் மூப்பர் வீட்டம்மா கிணற்றடியில் சொன்னாளாம், "கூடைய அவ தூக்கிட்டு நடக்கும்போதே நெனச்சேன்." நினைத்திருக்க மாட்டாள். ஆனால் சொல்லட்டும்.

நான் நினைக்காத ஒன்று நடக்கிறது. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பதினொரு புத்தாண்டு நான் கூடை பிடித்தேன். ஒவ்வொருத்தரும் தங்கள் அட்டையைக் கொண்டுவருகிறார்கள். வேதத்துக்குள் வைத்தது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது. ஓக்பூன் அம்மா, இதையும் நீங்களா என்கிறார்கள். இல்லை, ஒன்றே ஒன்றுதான் செய்தேன், அது மான்சிக் அம்மாவுக்கு என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். நம்பினார்களா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

இன்று மத்தியானம் மேங் மூப்பர் வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தார். 1991-ஆம் வருடத்தது. நாலு மூலையும் தேய்ந்து துணி போல ஆகிவிட்டது. அந்த வருடம் அவர் சின்ன மகள் சிறுநீரகம் கெட்டு சியோலில் படுத்திருந்தாள், ஞாபகம் இருக்கும். குணமாவாள் என்று சொல்கிற வசனம். அவள் பிழைத்து, கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தை இருக்கிறது.

"இது உங்க வேலையா?" என்றார்.

"இல்ல மூப்பரே. கூடைய நீட்டினேன், நீங்க எடுத்தீங்க."

"அத நான் எப்படி நம்புறது?"

உங்கள் பெண் பிழைத்துவிட்டாளே, இனிமேல் என்ன என்றேன். "அவ பொழச்சது வேற" என்றார். "எழுபது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல இத கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்கூட இருந்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

சத்தியம் பண்ணலாம் என்று வாய் வரை வந்தது. என் சத்தியத்துக்கு இனி இந்தத் தீவில் என்ன பொருள். "எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். நம்ப வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் போகவில்லை. முற்றத்தில் பாசித் தட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகிறது. அட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறார். அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. பார்லித் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. உன்னைத் துறையில் இப்படித்தான் விட்டுவிட்டுக் குடையைக் கொடுத்துத் திரும்பினேன்.

கடிதத்தை நிறுத்துகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஓக்பூன்